பந்தயமும் பணயமும்



குதிரைப் பந்தயத்தைப் பற்றி நம் இளைஞர்கள் சிலர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். லாட்டரி அதிர்ஷ்டத்தை நம்பியது. எனவே அது ஹராம். குதிரைப் பந்தயமோ அறிவை நம்பியது. எந்தக் குதிரை முந்தும் என்று ஆராய்ந்து கணிப்பது ஒரு கலை. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதனைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்துவிட்டது. போதாக்குறைக்கு, நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பிறகு என்ன தடை?

இப்படிக் கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைப்பது எளிது. ஆனால் அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால், மீதிப் பாதியையும் உண்மையென்றே அவன் நம்பிவிடுவான்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது. பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு. பயிற்சி பெறாதவை ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர்களே. இங்கே பயிற்சி என்பது 'தள்மீர்' என்னும் முறை. முதலில் தீனி கொடுத்துக் குதிரையைக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் தீனியைக் குறைத்து, மூடிய கொட்டிலில் துணி போர்த்தி வியர்க்க வைத்து, உடலை இறுக்குவார்கள். அவ்வாறு தயாரான குதிரையையும் தயாராகாத குதிரையையும் ஒரே தூரத்தில் ஓடவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய பந்தயத் திடல்களில் வலுவான குதிரையின் முதுகில் கூடுதல் எடையை ஏற்றிப் போட்டியைச் சமன் செய்யும் முறை இருக்கிறது. ஆற்றலறிந்து வகைப்படுத்தும் அந்த அறிவு அன்றே இருந்தது.

அரபிகள் முதலாவதாக வரும் குதிரையை 'முஜல்லீ' என்றும் இரண்டாவதை 'முஸல்லீ' என்றும் அழைத்தனர். முந்திய குதிரையின் பின்தொடையை ஒட்டி இதன் தலை வருவதால் அந்தப் பெயர். தொழுகையாளியையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். மொழி அறிஞர்கள் சிலர் இரண்டுக்கும் தொடர்பு சொல்வார்கள். அது வேறு பயானுக்குரிய செய்தி.

இனி, கணிப்பு என்பது எவ்வாறு நடக்கிறது? பந்தய நாளுக்கென அச்சிடப்படும் ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரலாறே இருக்கும். வயது, தாய் தந்தை, பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கும் எடை, நிற்கும் வாயில் எண், கடந்த ஓட்டங்களில் பெற்ற இடம் யாவும் அதில் உண்டு. ஆராய்பவர் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பார். 1200 மீட்டரில் வென்ற குதிரைக்கு 2000 மீட்டரில் மூச்சு தாங்குமா? மழையில் நனைந்த தரையில் இது முன்பு ஓடியிருக்கிறதா? சென்ற முறை வென்றதால் எடை கூட்டப்பட்டிருக்கிறதா? விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில் எடுத்த நேரம் என்ன? தொடக்கத்திலேயே முன்னே பாயும் குதிரைகள் எத்தனை? அத்தகையவை இரண்டு மூன்று இருந்தால் ஒன்றையொன்று விரட்டிக் களைத்துப்போகும். பின்னால் பொறுமையாக வருவது முந்திவிடும். இதெல்லாம் அறிவுதான். மறுக்கவில்லை.

அந்த அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு குதிரையின் கதை போதும். 1996 மார்ச் 27 அன்று துபாயின் நாதல் ஷீபா திடலில் முதலாவது துபாய் உலகக் கோப்பைப் பந்தயம் நடைபெற்றது. பரிசுத்தொகை 40 லட்சம் டாலர். சிகார் என்ற அமெரிக்கக் குதிரை, தொடர்ந்து 13 வெற்றிகளோடு வந்து நின்றது. குளம்பில் ஏற்பட்ட காயத்தால் பயிற்சி தடைப்பட்டிருந்தது. நெடுந்தூரப் பயணம் வேறு. ஆயினும் அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. ஜூலைக்குள் வெற்றிகள் 16 ஆயின. ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் டெல்மார் திடலில் அது மீண்டும் களமிறங்கியபோது, புத்தகத்தின் எல்லாப் பத்திகளும் அதன் பெயரையே சொல்லின. வென்றதோ 'டேர் அண்ட் கோ'. அதன் மீது கட்டிய ஒரு டாலருக்கு 39 டாலருக்கு மேல் கிடைக்கும் அளவுக்கு எவரும் நம்பாத குதிரை! முன்னே பாய்ந்த வேறொரு குதிரையின் வேகத்தைத் துரத்தியதில் சிகார் களைத்துவிட்டது என்று வல்லுநர்கள் காரணம் சொன்னார்கள், ஓட்டம் முடிந்த பிறகு.

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் தோல்வியே அறியாதிருந்தது. ஒருநாள் ஒரு கிராமவாசி இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்குத் தாங்க முடியவில்லை. உலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை அண்ணலார் அப்போது கூறினார்கள். புகாரியில் இடம்பெறும் செய்தி இது. அங்கே தோற்றதால் மனம் வருந்தியவர்கள் உண்டு. வீட்டுச் செலவுப் பணத்தை இழந்தவர் எவருமில்லை.

பந்தயப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 'டோட்' எனப்படும் முறையில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே குவியலாகச் சேர்கிறது. ஒரு கணக்குக்காக 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டினர் என்று கொள்வோம். சேர்ந்தது 10,000. நடத்துவோர் தம் பங்காக 2,000 எடுத்துக்கொண்டால் மீதம் 8,000. மக்கள் மிகவும் நம்பும் குதிரையின் மீது 40 பேர் கட்டியிருந்து அது வென்றால், ஆளுக்கு 200 கிடைக்கும். அத்தகைய குதிரை பொதுவாக மூன்று பந்தயங்களில் ஒன்றில்தான் வெல்கிறது. ஆக மூன்று முறை கட்டியது 300, திரும்பியது 200. கணிப்பு சரியாகவே இருந்தும் 100 ரூபாய் போயிற்று! இந்தியாவில் கட்டும் பணத்தின் மீது சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். நம் மகன் படித்தறிந்த அதே புத்தகத்தை மற்றவர்களும் படித்திருக்கிறார்கள். நல்ல குதிரை என்று பலரும் கண்டுகொண்ட அக்கணமே அதற்குக் கிடைக்கும் தொகை சுருங்கிவிடுகிறது. காசுக்கு 'டிப்ஸ்' விற்பவரின் சொல்லைக் கேட்டு ஆயிரம் பேர் கட்டினால், அது வென்றாலும் பங்கு சிறுத்துவிடும். உண்மையாகவே திறமை மிக்க ஒருவர் வெல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பெறும் பணம் குதிரை சம்பாதித்துத் தந்ததன்று. அவரைவிடக் குறைவாக அறிந்த ஒருவரின் பள்ளிக் கட்டணம் அது. வாடகைப் பணம் அது.

மார்க்கம் கேட்கும் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஒரு சட்டத்தில் திறமை விளையாட்டுக்கு அளிக்கப்பட்ட விலக்கு குதிரைப் பந்தயத்துக்குப் பொருந்துமா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த பிரச்சினை. ஃபுகஹாக்கள் கேட்பது வேறு: இருவரும் பொருளை வைத்து, ஒருவரின் இழப்பே மற்றவரின் ஆதாயமாகிறதா? ஆம் எனில் அது 'கிமார்'. அறிவால் வென்றாலும் குருட்டுத்தனமாக வென்றாலும் சட்டம் ஒன்றே.

அறியாமைக் காலத்து 'மைஸிர்' எப்படி இருந்தது தெரியுமா? ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டுப் பத்து அம்புகளைக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகக் கருதினர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பசித்தவர் வயிறு நிறைந்த அந்தச் சூதாட்டத்தையே அருள்மறை தடை செய்தது. அதில் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்பகரா அத்தியாயம் மறைக்கவில்லை. பாவமே பெரிது என்றது. பகைமையும் வெறுப்பும் விளைவதையும், இறை நினைவும் தொழுகையும் தடைபடுவதையும் அல்மாயிதா காரணமாகக் கூறுகிறது. ஜமாஅத்துக்கு வரும் குடும்ப வழக்குகளில், அடகுக்குப் போன மனைவியின் நகை பற்றி விசாரித்தவர்களுக்கு அந்தப் பகைமை என்னவென்று தெரியும்.

ஓடுபவருக்குரிய பரிசில் சட்டம் தாராளமானது. ஆட்சியாளரோ போட்டியில் சேராத மூன்றாமவரோ பரிசளித்தால் கூடும். இருவரில் ஒருவர் மட்டும், "நீ முந்தினால் நான் தருகிறேன்" என்றாலும் கூடும். இருவருமே பணயம் வைத்தால் கூடாது. பணயம் வைக்காத, சம ஆற்றலுள்ள மூன்றாவது குதிரை ஒன்று சேர்ந்தால் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அதற்கு அனுமதி உண்டு. அதன் விவரங்களை உலமாக்களிடம் கேட்டறிக. இவையனைத்தும் குதிரையை ஓட்டுவோருக்கானவை. வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டுபவருக்கு இவற்றில் இடமே இல்லை.

வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைகள் ஓர் ஐயம் கேட்பதுண்டு. துபாயில் அந்தக் கோப்பை தொடங்கிய காலத்திலிருந்தே பணயம் கட்டும் சாளரங்கள் இன்றியே பந்தயங்கள் நடத்தப்பட்டன. வெல்லும் குதிரைகளைக் கணித்து இலவசச் சீட்டில் எழுதிக் கொடுப்பவருக்குப் பரிசு வழங்கினர். பங்கேற்பவர் எதையும் இழக்காததால் கிமாரின் இலக்கணம் இதற்குப் பொருந்தாது. எனினும் அதற்கென்று கட்டணமோ, கூடுதல் விலையுள்ள குறுஞ்செய்தியோ கேட்கப்பட்டால் அதுவே பணயமாகிவிடும். ஆடை ஒழுக்கமும் தொழுகை நேரமும் பேணப்படும் இடத்தில் பணயமற்ற ஓட்டத்தைப் பார்ப்பதிலும், குதிரை பராமரிப்பைத் தொழிலாகச் செய்வதிலும் குற்றமில்லை. பணயச் சீட்டு விற்கும் வேலை கூடாது.

முன்பே வென்ற பணம் கையில் இருப்பவர், யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். குவியலிலிருந்து வந்ததால் உரியவரை அறிய வழியில்லையெனில், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தம் பொறுப்பிலிருந்து நீக்கிக்கொள்ள வேண்டும். அதனைத் தம் ஜகாத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.