தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: ஊரும் காலமும் அறிவது எப்படி?

பழைய ஜமீன் குடும்பங்களிலும் மலைத்தோட்ட பங்களாக்களிலும் இரட்டைக்குழல் துப்பாக்கி தலைமுறை தாண்டி வந்திருக்கும். ‘துரை பரிசாகக் கொடுத்தது’, ‘லண்டனில் சொல்லிச் செய்தது’ என்று அதற்கு ஒரு கதையும் உண்டு. கதை மெய்யா என்பதை அந்த இரும்பிலேயே படித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மடக்கித் திறக்கும் ரகத்தில் கண்ணாலேயே தெரியும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகத்தில் தெரியாது. முனையைத் தன் பக்கம் திருப்பாமல், மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாய்மட்டத்தில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். குச்சி அடிவரை எட்டாமல் சில விரற்கடை குறைந்தால், உள்ளே பழைய மருந்து கிடக்கலாம். இரண்டு குழல்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் சொல்வதே சரி.

எல்லோரும் முதலில் தேடுவது மேலே பொறித்த பெயரை. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கடிகாரத்துக்குப் பேர்போன சென்னை மவுண்ட் ரோடு பி.ஓர் அண்ட் சன்ஸ் பெயரில் துப்பாக்கிகள் உண்டு. கல்கத்தா மான்டன், ரோடா கம்பெனிகளின் பெயரிலும் உண்டு. (1914-ல் வங்கப் புரட்சியாளர்கள் 50 மவுசர் பிஸ்டல்களைக் கடத்தியது இந்த ரோடாவுக்கு வந்த சரக்கிலிருந்துதான்.) இப்படிப்பட்ட பெயர் பல சமயம் விற்ற கடையைத்தான் சொல்லும், செய்த பட்டறை பர்மிங்காமில் இருந்திருக்கும். போலிகளும் ஏராளம். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கம்பெனி, ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்து பெல்ஜியத்தில் செய்த மலிவுத் துப்பாக்கிகள் உலகெங்கும் விலைபோயின.

மெய் சொல்வது குழலின் அடிப்பக்கம். முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்துத் திருப்பினால், மருந்தறைக்குக் கீழே தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். வழக்கத்தைவிட அதிக மருந்திட்டுச் சுட்டு, குழல் தாங்கியதும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலை குத்திய அடையாளங்கள் அவை.

பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-ல் சட்டப்படி ஏற்பட்டது. குறுக்கிட்ட இரண்டு செங்கோல்கள், மேலே கிரீடம், இடுக்குகளில் பி, சி, பி (B, C, P) எழுத்துகள் இருந்தால், 1904-க்கு முன் அங்கே சோதித்த குழல். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. (BP, BV) என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. முட்டை வடிவ வளையத்துக்குள் இ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லீஜ் நகரம்; வளையத்தின் மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. ‘நாட் ஃபார் பால்’ என்ற சொற்கள் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துத் துப்பாக்கியைக் காட்டும். வாய் குறுக்கிய அந்தக் குழலில் ரவைத் தோட்டா போடலாம், ஒற்றைக் குண்டு கூடாது என்று பொருள். வெளியே சுத்தியல் இருப்பதை மட்டும் வைத்து வயதைக் கணிக்க முடியாது. சுத்தியல் வைத்தவை இருபதாம் நூற்றாண்டிலும் வந்தன.

‘13’ என்ற எண்ணைக் கண்டு 13 போர் என்று முடிவுகட்டுவோர் உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குள் பொருந்துமோ, அந்த எண்ணிக்கைதான் போர். 12 போர் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழல் சற்றே ஒடுங்கிய 12 போர் துப்பாக்கியிலும் 13 என்று குத்தியிருப்பார்கள்.

பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பெரிய கம்பெனிகளின் அசல் என்றால் வரிசை எண்ணைக் குறித்து எழுதிக் கேட்கலாம். யாருக்காக, எந்த ஆண்டு செய்தது என்பது பழைய பேரேடுகளில் இருக்கும்.

குழலில் நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றிச் சுற்றி ஒட்டவைத்த அற்புதமான கைவேலை. அதைப் பளபளப்பாக்க உப்புத்தாள் போட்டால் கோலமும் போகும், மதிப்பும் போகும். பெரும்பாலும் கரிமருந்துக்காகச் செய்த அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கையைப் பறிக்கலாம். மருந்தறை அந்தக்கால இரண்டரை அங்குல நீளமாக இருந்து, இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவைத் திணித்தாலும் உள்ளே அழுத்தம் எகிறும். ஆசைக்குக்கூடச் சுட்டுப் பார்க்க வேண்டாம்.

பழைய பொருள் என்பதால் லைசென்ஸ் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959-ன் ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸ்தாரர் காலமாகியிருந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள்.