கெய்சரை மிஞ்சும் கரண்ட் உங்கள் கேமிங் பிசிக்குள்! தெரியுமா?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்கள் கேமிங் பிசியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் டப்பாவுக்குள் 325 வோல்ட் குந்தியிருக்கிறது, தெரியுமா? ஏசி மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிற சமாச்சாரம். 230 என்பது அதன் நடுவாந்திரக் கணக்குதான், உச்சி 325. உள்ளே நுழைந்ததுமே டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பிவிட, பெருவிரலைவிடப் பருத்த ஒரு கெப்பாசிட்டர் அந்த உச்சியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விடாது! ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் தைரியமாகக் கழற்றி மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ் மூடியின் ஸ்க்ரூவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்த 325 அப்புறம் என்ன ஆகிறது? நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை வெட்டப்படுகிறது! இத்தனை வேகமாக வெட்டுவதால்தான் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்குகிறது. 50 ஹெர்ட்ஸிலேயே அதே வேலையைச் செய்திருந்தால் டப்பா கிலோக் கணக்கில் கனத்திருக்கும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தமே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடிக்க, ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் இந்த முறையில்தான் பவர் சப்ளை செய்து கொடுத்தார்.

வெட்டி முடித்தால் 12 வோல்ட். அதையும் மதர்போர்டு வாங்கி, பிராசசருக்காகச் சுமார் 1.2 வோல்ட்டாக இறக்குகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். 60 வாட் பிராசசர், 1.2 வோல்ட் என்றால் 50 ஆம்பியர்! குளியலறையில் இருக்கும் 2000 வாட் கெய்சர் இழுப்பது 9 ஆம்பியர்கூட இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யூனியன் பிரதேசத்துக்குச் சொந்தமாக இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம். மற்றபடி பெரும்பாலும் வெளியே வாங்குவதுதான், நெய்வேலி பழுப்பு நிலக்கரி மின்சாரம் உட்பட. 230 கிலோவோல்ட்டில் வில்லியனூர் துணை மின்நிலையத்துக்கு வரும் மின்சாரம், 230 வோல்ட்டாக முத்தியால்பேட்டை மாடி அறைக்குள் நுழைந்து, 325 ஆகி, 12 ஆகி, 1.2 ஆகி, ராத்திரி பதினோரு மணிக்கு ஜிடிஏ கேமில் ஒரு காரை முட்டவைக்கிறது!

இனி பர்ஸ் விஷயம். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருந்தால் 450 வாட் கிடைக்கும் என்று நினைக்கிறீர்களா? பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட், யோக்கியமான 550 வாட் டப்பா. 16 ஆம்பியர் என்றால்? 192 வாட்! பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இன்றைய கேமிங் பிசிக்கு அவ்வளவாக வேண்டாத இடத்தில் கணக்குக் காட்டப்பட்டிருக்கும். கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள். ஈசிஆரில் 150 கி.மீ. போய் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் சரி, ஸ்டிக்கரைப் படிக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

உண்மையில் எவ்வளவுதான் வேண்டும்? ஐ3-12100எஃப் பிராசசர் முழு மூச்சில் ஓடினால் 89 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் ஒரு 50. மொத்தம் 271 வாட்தான்! பிறகு எதற்கு ஏஎம்டியே அந்தக் கார்டுக்கு 450 வாட் கேட்கிறது? கார்டு சீராக இழுக்காது, கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி இறங்கும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதிப்படி, பெரிய கார்டுகளுக்கான சப்ளை 100 மைக்ரோ செகண்டுக்குத் தன் அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும்! தவிர, வாங்குகிறவர் எந்த லட்சணத்தில் டப்பா வைத்திருப்பாரோ என்ற பயமும் கார்டு கம்பெனிக்கு இருக்கும் என்பது என் சந்தேகம்.

650 வாட் வாங்கினால் கரண்ட் பில் ஏறுமா? ஏறாது! கேட்டதை மட்டும்தான் அது இழுக்கும். 80 ப்ளஸ் கோல்டு என்ற திறன் முத்திரை உள்ளதை வாங்கினால் பில் பாதியாகுமா? அதுவும் இல்லை. 250 வாட் பிசியை தினம் நாலு மணி நேரம் ஓட்டினால், 80 சதவீதத் திறனுக்கும் 90-க்கும் வருஷத்துக்கு வித்தியாசம் 50 யூனிட் சொச்சம். யூனிட் 7 ரூபாய் என்றே வைத்தாலும் 350 ரூபாய். பட்ஜெட் பிசிக்கு ப்ரான்ஸ் தாராளம். அந்த 80 ப்ளஸ் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி அறையில். புதுச்சேரியில் மே மாத ராத்திரிகூட அவ்வளவு குளிராது! உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. 105 டிகிரி கெப்பாசிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

உப்புக் காற்று? கடல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும், தெரியுமா? குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் வீடென்றால் ஃபேன் இழுத்துக்கொண்டு வரும் தூசியே ஈரமான உப்புதான். பிசியை ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், மாதம் ஒரு தடவை ப்ளோயர் அடியுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள்! இரைச்சலை வடிகட்ட உள்ளே இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. சுவரில் எர்த் இல்லாவிட்டால், அவை கேபினெட்டின் இரும்பில் 115 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். கரண்ட் மிகக் கொஞ்சம், ஆனால் கை உதறும். மாற்ற வேண்டியது வயரிங்கை. பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தும் பின்னால் இரண்டே ஒயர் இருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் ஊருக்குப் பக்கத்தில் கரையேறி, ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட ராத்திரிகளில் கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. நல்ல சப்ளையின் வாசலிலேயே பொத்தான் அளவில் ஒரு வட்டச் சில்லு எகிறும் வோல்ட்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும். மலிவு டப்பாக்களில் பல சமயம் அந்த இடம் காலி! யூபிஎஸ் இருந்தால்? கரண்ட் நின்ற பிறகும் எஸ்எம்பிஎஸ் சுமார் 17 மில்லி செகண்டு தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. சாதா யூபிஎஸ் 10 மில்லி செகண்டுக்குள் கைமாற்றிவிடும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய எஸ்எம்பிஎஸ் மலிவாகக் கண்ணில் பட்டதா? பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும், 115, 230 என்று. யாரோ அதை 115-க்குத் தள்ளியிருந்தால், நம்மூர் சாக்கெட்டில் செருகின மறுநொடி டமார்!