நிலத்தடியில் ஓடும் ஆறு: யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழிவுநீரும் கிணற்று நீரும்

ஆற்றங்கரை நகரொன்றின் கழிவுநீர்ப் பிரச்சினை கண்ணுக்குப் புலப்படுவது. ஆறு கறுக்கும், மீன்கள் செத்து மிதக்கும், மக்கள் குரலெழுப்புவர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வற்றாத ஆறு எதுவுமில்லை. வலிகாமத்தினூடாக ஓடி அராலிப் பக்கத்திற் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரிகாலத்து ஆறே. ஆகவே, இங்கு கழிவுநீர் எங்கே செல்கிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வெடிப்புகள் மலிந்த அப்பாறையினூடாக இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் வில்லை போன்று மிதக்கிறது. நமது கிணறுகள் அனைத்தும் அந்நீரையே நம்பியுள்ளன. மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகளினூடாகவே மலக்குழிகளின் கசிவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் இரசாயன உரத்தின் எச்சமும் இறங்குகின்றன. மேலுள்ள மண்படை பல இடங்களில் மெல்லியதாகையால் இயற்கையான வடிகட்டலும் குறைவு.

இதன் விளைவு நைத்திரேற்று. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையை மீறியுள்ளமையை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. கொதிக்கவைத்தலோ குளோரீன் இடுதலோ இதனை அகற்றாது. கொதித்து நீர் வற்ற, செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இது குறைக்கும்.

சுன்னாகத்து நீரில் எண்ணெய் கலந்தபோது அது கண்ணிற்பட்டது, குற்றவாளியும் ஒருவரே. 2019 இல் உயர் நீதிமன்றம் மின்நிலையத்தை இழப்பீடு செலுத்தப் பணித்தது. நைத்திரேற்றுக்கோ நிறமுமில்லை, தனியொரு குற்றவாளியுமில்லை. இங்கேதான் முரண்பாடு வெளிப்படுகிறது. கிணறு தனியுடைமை, மலக்குழியும் தனியுடைமை, ஆயின் நீர் பொதுவானது. மேலே கிடுகுவேலி காணியைப் பிரிக்கலாம். கீழே நீருக்கு வேலியில்லை. பாகப்பிரிவினையாற் காணிகள் சிறுக்குந்தோறும் ஒருவரது கிணறும் மற்றவரது மலக்குழியும் நெருங்குகின்றன.

ஒரு வரலாற்று உண்மையையும் நாம் மறத்தலாகாது. ‘தீட்டு’ என்று கூறி, ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றில் நீரள்ளுவதைத் தடுத்த சமூகம் இது. வாளி மலகூடங்களைத் துப்புரவு செய்தோரையே அது அசுத்தரென்றது. கற்பனையான அழுக்குக்குக் காவலிட்ட அச்சமூகம், உண்மையான அழுக்குத் தன் காலடியில் இறங்குவதைக் காணவில்லை. சாதியக் கருத்தியல் அறிவையும் குருடாக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய யாழ்ப்பாணம்-கிளிநொச்சித் திட்டத்தில் குடிநீரும் கழிவுநீரும் ஒருங்கே இடம்பெற்றன. இரணைமடு நீரைக் கொண்டுவருவதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர், கடல்நீர் நாடப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீராக்கும் தாழையடி நிலையம் 2024 ஓகத்தில் திறக்கப்பட்டது. கழிவுநீர்ப் பகுதியோ இடையிற் கைவிடப்பட்டது. குழாயில் வரும் நீரின் பெரும்பகுதி கழிவுநீராகிப் பழைய குழிகளுக்கே செல்லுமாதலின், வழங்கல் பெருகப் பெருக நிலத்தடியின் சுமையும் பெருகும். குழாய்நீர் கிடைக்காதோரும் போத்தல்நீர் வாங்க இயலாதோரும் அந்தக் கிணற்றையே நம்பி வாழ்வர்.

எனவே, பொதுக் கழிவுநீர்க் குழாயமைப்பும் சுத்திகரிப்பு நிலையமும் நகர்ப்புற ஆடம்பரங்களல்ல. உழைக்கும் மக்களின் குடிநீர்க் கோரிக்கையின் மறுபாதியாகும். பொதுவான நீரைப் பொதுவான பொறுப்பினாலன்றிக் காக்கவியலாது.