ஏலமலை மண்ணுக்குள் ஒரு தவளை



கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலமலைக்கு வேலைக்குப் போகிறவர்களும், அங்கே சொந்தத் தோட்டம் வைத்திருக்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் காலுக்கடியிலேயே ஒரு தவளை குடியிருக்கிறது, தெரியுமா? கேரளத்தில் இதைப் பாதாளத் தவளை, மகாபலித் தவளை என்பார்கள். மகாபலி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவைதான் மேலே வருமாம்!

கருத்த ஊதா நிறம், உப்பின உடம்பு, சுமார் 7 செ.மீ. நீளம், பன்றி மூக்கு. அழகு என்று சொல்வதற்கில்லை. பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு கெட்டி மேடு உண்டு. அதை வைத்துப் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிவிடும். கறையான்தான் ஆகாரம். 2003-ல்தான் பிஜு, பொசூட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை ஒரு தனி இனம் என்று அறிவித்தார்கள். இதற்கு நெருங்கிய உறவுக் குடும்பம் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? கடலுக்கு அந்தப் பக்கம், செய்ஷெல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்துச் சொந்தம் அது.

கோடை மழை பிடித்ததும் ராத்திரியில் வெளியே வந்து, ஓடைப் பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். ஓடையைத் தேடி ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாவதும் உண்டு. இதன் தலைப்பிரட்டைகளைப் பார்த்தால் அதிசயமாக இருக்கும். வாயே உறிஞ்சு கிண்ணம்தான். எவ்வளவு வெள்ளம் அடித்தாலும் பாறையைக் கவ்விக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். சுமார் 100 நாள் இப்படி இருந்தால்தான் அது தவளையாகும்.

அந்த நூறு நாள்தான் அதற்குக் கண்டம். ஓடையை மறித்து அணை போட்டால் தண்ணீர் தேங்கிவிடுகிறது. ஓடுகிற தண்ணீருக்கென்றே அமைந்த பிள்ளைக்குத் தேங்கின தண்ணீரில் பிழைப்பு ஏது? தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்கிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. காபிக்கும் ஏலத்துக்கும் இஞ்சிக்கும் காட்டை வெட்டினதில் இதன் இடம் ஏற்கெனவே சுருங்கிப் போயிற்று.

இதைக் காப்பாற்றினால் ஏக்கருக்கு இத்தனை கிலோ கூடும் என்று நான் ஆசை காட்ட வரவில்லை. ஆனால் ஓடைக்கரை மரம் நின்றால் உங்கள் மண்ணும் கரையாமல் நிற்கும். ஆகவே கரையோரம் களை வெட்டும்போது அடியோடு வழிக்காதீர்கள். மருந்து கலக்குவதை ஓடையை விட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரேயரையும் காலி டின்னையும் ஓடையில் கழுவ வேண்டாம். தண்ணீரைத் திருப்பித்தான் ஆக வேண்டுமென்றால் முழு ஓடையையும் மறிக்காமல், பாறைமேல் ஓடுகிற பாதி நீரையாவது அப்படியே விடுங்கள். மழைக்காலம் முடியும் மட்டும் விட்டால் போதும்.