கூட்டில் நோய் புகுமுன்

1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மானிப்பாயும் வெறிச்சோடியது. காணியை விட்டு வந்த குடும்பம் மீண்டும் தொடங்கச் சில கோழிகளே போதும். ஆனால் ஒரு நோய் அவற்றை இரண்டு மூன்று நாளில் அழித்துவிடலாம். ஆகவே நோய்களை இனங்காணப் பழகுவோம்.

பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் கண்டால் பெரும்பாலும் இராணிக்கெட் நோய். இந்தியாவின் இராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் இப்பெயர். இதற்குச் சிகிச்சை இல்லை. தடுப்பு மருந்து மட்டுமே உண்டு.

குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால் அது இரத்தக் கழிச்சல். ஈரக் கூட்டில் பரவும். மிருக வைத்தியர் தரும் மருந்தை உடனே தண்ணீரில் கலந்து கொடுத்தால் பல குஞ்சுகள் தப்பும். கூட்டை உலர்வாக வைத்திருப்போம்.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்து பொருக்காகினால் அது அம்மை. நுளம்பும் இதைப் பரப்பும். பொருக்கை உரிக்கவேண்டாம், தீனும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்தால் பல கோழிகள் தேறும்.

எந்த நோயானாலும் வருத்தக் கோழியை உடனே பிரித்து வைப்போம். செத்ததை ஒழுங்கையில் எறியாமல், கிணற்றுக்கு எட்டவாக ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவுவோம். புதிதாக வாங்கியதை இரண்டு கிழமை தனியே அடைப்போம்.

தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று பல கோழிகளுக்குப் போதும்; கரைத்தபின் சில மணி நேரத்துள் முடிக்கவேண்டும். எனவே அயலவர் ஒன்றுகூடி, மிருக வைத்தியரிடம் நாள் கேட்டு, சுகமாயுள்ள கோழிகளுக்கெல்லாம் ஒரே நாளில் போடுவிப்போம். நோய்க்கு வேலி தெரியாது.