ஒரு கொசு தந்த விமானம்!

விமானத்தின் ஜன்னலோர சீட்டில் அமர்ந்து, இறக்கையில் தொங்கும் எஞ்சினைப் பார்க்கும்போது, ‘இது நின்றுபோனால் என்ன ஆகும்?’ என்று பயந்திருக்கிறீர்களா? அந்தப் பயத்துக்கு விடை தேடியவர், இகோர் சிகோர்ஸ்கி. அவரைத் தேட வைத்தது, ஒரு கொசு!

கீவ் நகரில் பிறந்த சிகோர்ஸ்கி, 1911-ல் தானே உருவாக்கிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் பறந்தார். திடீரென எஞ்சின் நின்றது, விமானம் நொறுங்கியது. உயிர் தப்பியவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை அடைத்திருந்தது ஒரு கொசு.

‘ஓர் எஞ்சினை நம்பி உயிரை ஒப்படைப்பதா? பல எஞ்சின்கள் வேண்டும்’ என்று முடிவெடுத்தார். ‘ஒன்று நின்றால் விமானம் தட்டாமாலை சுற்றிக் கவிழும்’ என்றார்கள் பலர். ஆனால், 1913 மே மாதம் அவருடைய நான்கு எஞ்சின் விமானம் வெற்றிகரமாகப் பறந்தது. உலகிலேயே முதன்முறை!

அடுத்து வந்தது ‘இலியா முரோமெட்ஸ்’. பிரம்பு நாற்காலிகள், மின்விளக்கு, படுக்கை அறை, கழிப்பறை, எஞ்சின் புகைக்குழாயின் சூட்டில் கதகதப்பான கேபின்! 1914 பிப்ரவரியில் 16 பேரும் ஒரு நாயும் அதில் பறந்தார்கள்.

அதே ஆண்டு கோடையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவுக்கு நெடும்பயணம். வழியில் எரிபொருள் குழாய் உடைந்து, ஓர் எஞ்சின் தீப்பிடித்தது. குழுவினர் நடுவானில் இறக்கைமீது ஏறி, கோட்டால் தீயை அடித்து அணைத்தார்கள். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது; பழுதுபார்த்து, கீவையும் சென்றடைந்தது.

சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. பயணிகளுக்காகப் பிறந்த விமானம் குண்டு சுமக்கப் போனது. ஆனாலும், ஓர் எஞ்சின் நின்றாலும் பத்திரமாகத் தரையிறங்கும் இன்றைய விமானங்களில் வாழ்கிறது, அந்தக் கொசு சொல்லித்தந்த பாடம்!