பற்கறை வேறு, பற்சொத்தை வேறு

திண்டுக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழுப்பேறிய பற்கள் புதுமையல்ல. நிலக்கோட்டை வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த சில ஊர்களில், சிரிக்கும் முகங்கள் பலவற்றில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரிகளைக் காணலாம். "எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் முன்பற்கள் கரைந்து கறுத்து நிற்பதற்கும் இதே காரணத்தைச் சொல்லி வாளா இருந்துவிடுகிறோமே, அதுதான் கேடாக முடிகிறது.

முதலில் தண்ணீரின் வேலையைப் பார்ப்போம். நம் நிலத்தடிப் பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் உள்ளன. பாறையிடுக்குகளில் நெடுநாள் தங்கிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர அமைவனம் வரையறுத்திருக்கிறது. அதிகப் புளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோயை, 1937-ஆம் ஆண்டில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் கண்டு எழுதினர். நீரைக் காய்ச்சினால் இது நீங்கும் என்று எண்ண வேண்டாம்; நீர் வற்றுந்தோறும் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இந்தக் கறை விழும் காலம் ஒன்றுண்டு. பல் ஈறுக்குள் உருவாகும்போதுதான் புளோரைடு அதன் மேற்பூச்சான எனாமலைக் கெடுக்கிறது. குழந்தையின் முன் பாற்பற்களுக்கு அப்பூச்சின் பெரும்பகுதி தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. எஞ்சியது பிறந்த சில மாதங்களில் முடிந்துவிடும். தாயின் உடலைத் தாண்டிக் கருவுக்கும், தாய்ப்பாலுக்கும் செல்லும் புளோரைடு குறைவே. ஆதலின் தண்ணீர்க் கறை பெரும்பாலும் ஆறேழு வயதுக்குமேல் முளைக்கும் நிலையான பற்களிலேதான் தெரியவரும். புளோரைடு மிகுந்த ஊர்களில் பாற்பற்களிலும் தோன்றுவதுண்டு. அப்போதும் கடைவாய்ப் பற்களிலேயே மிகுதி. இரண்டு, மூன்று வயதில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரத்திலிருந்து பழுத்து, குழிந்து, முறிவதைக் கண்டால், அது தண்ணீரின் வேலையன்று. புட்டியின் வேலை எனலாம்.

புட்டி எப்படி வாய்க்கு வருகிறது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பூப்பறிக்கப் போகும் தாயும், தறியடியில் தார் சுற்றும் தாயும் குழந்தையை அமைதியாக வைத்திருக்க என்ன செய்வார்கள்? சர்க்கரை கலந்த பாலையோ, கடையில் வாங்கிய மாம்பழப் பானத்தையோ, கலரையோ புட்டியில் ஊற்றிச் சேலைத் தொட்டிலில் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. வேலை அத்தன்மையது. ஆயினும் அந்தப் புட்டிக்குள் நிகழ்வதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பற்களின்மீது படியும் மெல்லிய படலத்தில் நுண்கிருமிகள் வாழ்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அதை அமிலமாக்கி எனாமலிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தை முறிக்க அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகிறது. அதற்குள் இன்னொரு வாய் பானம் போனால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், புட்டியுடன் உறங்கும் குழந்தையின் பற்கள் இரவெல்லாம் அமிலத்தில் ஊறுகின்றன. கீழ்வரிசை முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. மேல்வரிசைக்கு அந்தக் காவல் இல்லை.

ஆகவே, எவ்வளவு குடித்தது என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் குடித்தது என்பதே பெரிது. இதனை ஸ்வீடன் நாட்டின் வீப்பேஹோல்ம் மனநோய் விடுதியில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த சோதனை தெளிவாக்கியது. உணவோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதே கூடிற்று. உணவுகளுக்கிடையே பல்லில் ஒட்டும் மிட்டாய்களைப் பலமுறை தின்றவர்களுக்கோ மிக அதிகமாயிற்று. மறுக்க இயலாத நோயாளிகளைக் கொண்டு நடத்திய அச்செயலை இன்று எவரும் நியாயப்படுத்தமாட்டார். அதன் முடிவு வெளிவந்த பின்னர் அந்நாட்டில் சனிக்கிழமை மட்டும் குழந்தைகளுக்கு மிட்டாய் தரும் வழக்கம் பரவியது. சந்தை நாளில் மட்டும் தின்பண்டம் வாங்கிவந்த நம் பாட்டனார் எந்தச் சோதனையுமின்றி அதையே செய்தார்!

200 மில்லிலிட்டர் கொண்ட சிறு பானப் புட்டியில் ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாத சர்க்கரை இருக்கும். நீர் கலந்து கொடுத்தாலும் கிருமிகளுக்கு அது போதும். கரும்பு விளைவிக்கும் அங்கத்தினர்கள் கோபிக்கலாகாது: வெல்லமும் கருப்பட்டியும் பல்லுக்குச் சர்க்கரையே. கருப்பட்டி கலந்த பாலாயினும், புட்டியில் ஊற்றி உறங்கவிட்டால் விளைவு அதுதான். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய பானம் வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

"பாற்பல் எப்படியும் விழுவதுதானே" என்பார்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பாற்பற்களோ பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்து, பின்வரும் பற்களுக்கு இடம் காக்க வேண்டியவை. அவை முன்னதாகப் போனால் பின்வருபவை கோணலாக முளைக்கும். பல்வலியுள்ள குழந்தை உண்ணாது, உறங்காது, உடல் தேறாது.

மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரத்தில் சுண்ணாம்பு தீற்றியது போல் வெண்கோடு தெரிந்தால் அதுவே தொடக்கம். அந்நிலையில் புட்டியை நிறுத்தி, காலையும் இரவும் பல் துலக்கிவந்தால் எனாமல் மீண்டும் உறுதிப்படக்கூடும். குழி விழுந்தபின் அது தானே ஆறாது. அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதே முறை. மூன்று வயது வரை பற்பசை அரிசிமணி அளவே போதும். கிணற்று நீரில் புளோரைடு மிகுந்த ஊராயின் எந்தப் பசை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரவில் தாகமெடுத்தால் வெறும் தண்ணீர் கொடுங்கள். அந்தத் தண்ணீரையும், ஐயமிருப்பின், மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.